ஆறு வருசம் நின்ற வண்டியின் கார்புரேட்டர்

உங்கள் சொந்த ஊர் வீட்டிலும் அனேகமாக ஒன்று நிற்கும். மாட்டுக் கொட்டாயிலோ, மோட்டார் ரூமிலோ, சாக்கு போர்த்திய ஒரு பழைய வண்டி. எங்கள் வீட்டில் நிற்பது அப்பாவின் ஹீரோ ஹோண்டா சிடி 100. 1994-ல் மஞ்சள் விற்ற காசில் வாங்கியது. ‘பெட்ரோல் போடு, மூடு, மறந்துடு’ என்கிற மாதிரி அந்தக் காலத்தில் இந்த வண்டிக்கு விளம்பரம் வரும். ஒரு லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர் என்று சொன்னதை நம்பி ஊரில் பாதிப்பேர் வாங்கினார்கள். முதல் இரண்டு வேலையும் சரிதான். மூன்றாவதைத்தான் எந்த வண்டியும் தாங்காது.

2019-ல் அப்பா தவறியபிறகு யாரும் எடுக்கவில்லை. போன மாதம் பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து பார்த்துவிட்டு, “நாலாயிரம் தர்றேனுங்க, வெள்ளிக்கிழமை வண்டி கொண்டாந்து ஏத்திக்கறேன்” என்றார். அம்மாவுக்கும் கொடுத்துவிடத்தான் எண்ணம். “குடுத்துரு கண்ணு. பால் கறக்கப் போனா அதுதான் மொதல்ல கண்ணுல படுது. என்னால ஆவறதில்லை” என்றது. அதற்கு மேல் நான் என்ன பேச?

நாலாயிரத்துக்கு விற்பதென்றாலும் ஓடுகிற வண்டியாக விற்கலாமே என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். “கார்புரேட்டர் புதுசு போட்டுருங்கண்ணா. கழட்டிக் கழுவி மாட்டறதுக்கெல்லாம் இப்ப நேரமில்லீங்க” என்றார். அவரையும் குறை சொல்வதற்கில்லை. வருகிற வண்டியெல்லாம் எப்ஐ. கார்புரேட்டர் கழுவுவது இனி எங்களை மாதிரி சும்மா இருக்கிற ஆட்கள் வேலை. லீவுக்கு வந்திருந்த அக்கா பையன், “மாமா, நாமளே பண்ணிரலாம்” என்றான். வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

நின்ற வண்டி ஏன் கிளம்பாது என்பது சுலபமான சங்கதி. பெட்ரோல் ஒரே பொருள் இல்லீங்க, பலதும் சேர்ந்த கலவை. லேசானது ஆவியாகிப் போய்விடும். மிச்சம் காற்றுபட்டுப் பட்டு, கரும்புப் பாகு கொப்பரையில் ஒட்டுகிற மாதிரி பிசுக்காகிவிடும். கார்புரேட்டருக்குள் ஜெட் என்று இரண்டு பித்தளைத் துண்டு இருக்கும். மெயின் ஜெட் வண்டி ஓடும்போது, பைலட் ஜெட் ஸ்டார்ட் ஆகவும் ஐடிலில் நிற்கவும். பைலட் ஓட்டை அரை மில்லிமீட்டர்கூட வராது. சொட்டுநீர் போட்டவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. உப்பு ஏறிய டிரிப்பர் மாதிரிதான். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும், செடி காய்ந்துகொண்டிருக்கும்.

முதலில் பெட்ரோல் காக்கை மூடி டியூபை உருவினோம். ரப்பர் விறைத்து, மடக்கினால் ஒடிந்தது. கார்புரேட்டர் தலையிலிருக்கிற மூடியைக் கையாலேயே திருகினால், ஆக்சிலரேட்டர் கேபிளோடு ஸ்பிரிங்கும் ஸ்லைடும் ஊசியும் மொத்தமாக மேலே வந்துவிடும். ஊசியில் ஒரு சின்னக் கிளிப் எந்தக் காடியில் மாட்டியிருக்கிறது என்று பையன் போனில் படம் பிடித்துக்கொண்டான். ஏர் பில்டர் வாயில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. அதையும் சுரண்டி எடுத்தபிறகு பத்தாம் நம்பர் ஸ்பேனரில் இரண்டு திருகு கழட்டியதும் கார்புரேட்டர் கையில்.

கீழ்க் கிண்ணத்தைத் திறந்தால் பழைய வார்னிஷ் வாடை. அடியில் காபி நிறத்தில் ஒரு படிவம், ஓரத்தில் பச்சைக் களிம்பு. மிதவையின் ஊசி ஒட்டிப்போயிருந்தது. இந்த இடத்தில் அவசரம் கூடாது. மிதவையைத் தாங்குகிற இரண்டு காதும் வார்ப்பு, தட்டி எடுத்தால் உடைந்துவிடும், பிறகு புதுசுதான். ஜெட்டுக்குச் சரியான அகலத்தில் ஸ்குரூ டிரைவர் வேண்டும். பித்தளை மெது, வாய் மழுங்கினால் வரவே வராது. காற்று ஸ்குரூவைக் கழட்டுவதற்கு முன் உள்ளே முட்டும்வரை மெதுவாகத் திருப்பி எண்ணினோம். ஒன்றே முக்கால் சுற்று. அப்பா வைத்த கணக்கு அது, ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

பித்தளைச் சாமான்களை ராத்திரி முழுக்க கொட்டாங்குச்சியில் பெட்ரோல் ஊற்றி ஊறவைத்தோம். டம்ளர் கேட்டதற்கு அம்மா தரவில்லை. காலையில் மெயின் ஜெட்டைத் தூக்கிப் பார்த்தால் வெளிச்சம் தெரிந்தது. பைலட் அசையவில்லை. இரும்புக் கம்பி விடாதீர்கள், ஓட்டை பெரிசாகிவிடும். ஒயரை உரித்து ஒற்றைத் தாமிர இழையை எடுத்து விட்டு விட்டு, கார்புரேட்டர் ஸ்பிரே அடித்து, பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் ஊதி, மதியத்துக்குத்தான் ஒரு ஊசிமுனை வெளிச்சம் வந்தது. பையன் கத்தின கத்துக்கு மாடு எழுந்து நின்றுவிட்டது.

மாட்டுவதற்கு முன் இன்ஜின் பக்கம் ஒட்டியிருந்த பேக்கிங்கைப் பிளேடால் சுரண்டினேன். கடைப் பேக்கிங் இல்லை. ரோஸ் நிற அட்டை. எண்ணெய் ஊறிய ஒரு ஓரத்தில் சிவப்பு எழுத்தில் ‘வளர்ச்செல்வி’ என்று பாதி. அதற்குக் கீழே அக்கா பேரின் முதல் இரண்டு எழுத்து.

அம்மா வெயிலில் பிடித்துப் பார்த்தது. “உங்கம்மா கல்யாணப் பத்திரிகை கண்ணு இது” என்று பேரனிடம் சொன்னது. 2002-ல் ஐந்நூறு அடித்து ஒரு கட்டு மீந்திருக்கிறது. அப்பா அதைத் தூக்கிப்போட விடவில்லையாம். பால் கணக்கும் ஆள் கூலியும் பத்து வருசம் அதன் முதுகில்தான் எழுதினாராம். வண்டிக்கும் போட்டிருக்கிறார் என்பது அம்மாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும். பீரோவைத் திறந்து இன்னொரு பத்திரிகையைக் கொண்டுவந்து, “இதுல வெட்டிக்கங்க” என்று நீட்டியது.

“பேக்கிங் சீட்டு கோபியில இருவது ரூவாதானுங்ம்மா.”

“அவரு போட்டது எத்தனை வருசம் தாங்குச்சு?”

அட்டையைக் கார்புரேட்டர் முகத்தில் வைத்து, விளிம்போரமாகச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால் அதுவே வெட்டிக்கொள்ளும். அப்பா அப்படித் தட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பையனைத் தட்டவிட்டேன்.

டேங்கைக் கழுவி, புது டியூப் போட்டு, அரை லிட்டர் ஊற்றி, கிண்ணம் நிரம்ப இரண்டு நிமிசம் விட்டு, சோக் போட்டு உதைத்தோம். பதினேழாவது உதையில் இருமியது. அடுத்ததில் பிடித்துக்கொண்டது. பேட்டரி செத்திருந்தாலும் மேக்னெட்டோ வண்டிக்குக் கவலையில்லை. முதலில் வெள்ளைப் புகை, பிறகு அந்தப் பழைய சத்தம். அம்மா அடுப்படி வாசலிலேயே நின்றிருந்தது. கொஞ்சநேரம் கழித்து, “ஆப் பண்ணிறாதீங்க, ஓடட்டும்” என்றது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். கரும்பும் மக்காச்சோளமும் போடுகிற எனக்கு அதில் கோபம் இல்லை. ஆனால் அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் பதம் பார்க்கும். ஊருக்கு வந்து ஓட்டிவிட்டு நிறுத்துகிறவர்கள் காக்கை மூடிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கிண்ணம் காலியாகிவிடும்.

வெள்ளிக்கிழமை இரும்புக்காரர் வந்தார். பழைய பேட்டரியையும் துருப்பிடித்த கேரியரையும் கொடுத்தேன், முந்நூறு ரூபாய். “அப்ப வண்டிங்?” என்றார்.

அம்மா முந்திக்கொண்டது. “அது ஆர்டிஓ ஆபீசுக்குப் போவுதுங்க. ஆர்சி புதுப்பிக்கோணும்.”