அல்ட்ரா வைடு லென்ஸ் வாங்கலாமா?

ஏபிஎஸ்-சி கேமராவின் கிட் லென்ஸ் 18 மி.மீ.யில் ஏறக்குறைய 76 டிகிரி காட்டும், 10 மி.மீ. லென்ஸ் 109 டிகிரி. "எல்லாம் ஃபிரேமுக்குள் வந்துவிடும்" என்றுதான் பலரும் வாங்கச் சொல்கிறார்கள். அந்த ஒரு காரணத்துக்காக வாங்குவது வீண். கோணம் விரிய விரிய, தள்ளி இருப்பதெல்லாம் சிறுத்துப்போகும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைக் கிட்டே நின்று அண்ணாந்து எடுத்தால் அது பின்னால் சாய்ந்து விழுவதுபோல் தெரியும். கேமராவை நேராகப் பிடித்தால் பாதிப் படம் வெறும் தரை. குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுபட்டுவிடும்.

"நாலு படம் எடுத்துப் பனோரமாவாக ஒட்டிக்கொள்ளலாமே?" மலைக்கு அது போதும். ஆட்கள் நடமாடும் கல்யாண மண்டபத்தில் ஒட்டு இடறும். பின்னால் நகர இடமில்லாத வீட்டு அறைகள், இரவு வானத்துப் பால்வெளி என்று அடிக்கடி எடுப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். மற்றவர்கள் பழைய படங்களைப் புரட்டுங்கள்: 18 மி.மீ.யில் எடுத்தும் இடம் போதாமல் போனவை எத்தனை? சொற்பம்தான் என்றால், தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.