கோபத்துக்கு ஒரு நம்பர்

சொன்ன பேச்சைக் கேட்காத, எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிற பையனுக்கு நம் ஊரில் என்ன பெயர்? வாலு, அடங்காப்பிடாரி, உருப்படாதது... உங்கள் வீட்டு அகராதியில் இன்னும் நாலு இருக்கும். அமெரிக்காவில் இதற்கு ஒரு நம்பர் உண்டு. எஃப் 91.3. ஆப்போசிஷனல் டிஃபையன்ட் டிஸ்ஆர்டர்.

எனக்கு இதைச் சொன்னது நண்பரின் மகள். சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்க டாக்டர்கள் எழுதும் குறிப்பைப் படித்து, ஐ.சி.டி.-10 புத்தகப்படி நோய்க்கு நம்பர் போட வேண்டும். 2015 அக்டோபரிலிருந்து அங்கே இந்த நம்பர்தான். அது இல்லாமல் இன்ஷூரன்ஸ் பணம் வராது.

அடம்பிடித்தால் உடனே எஃப் 91.3 என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டி.எஸ்.எம்.-5, எட்டு அறிகுறிகளைச் சொல்கிறது. அதில் நாலாவது இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். கூடப்பிறந்தவர்களோடு மட்டும் போடும் சண்டை கணக்கில் சேராது. சேர்த்தால் எந்த வீடு தப்பும்?

"ஒரு ஏழு வயசுப் பையன் ஃபைல் வந்தது அங்கிள். பேர், ஊர் கேக்காதீங்க, சொல்லக் கூடாது. டாக்டர் 'ரூல் அவுட்'னு எழுதியிருந்தார். அப்படின்னா, இருக்கான்னு இனிமேதான் பாக்கணும். எஃப் 91.3 தட்டினா ஒரு நிமிஷ வேலை. ஆனா அது அவன்கூடவே வரும்."

"என்ன செய்தாய்?"

"ரூல் இருக்கே. ஓ.பி. நோயாளிக்கு 'இருக்கலாம்', 'சந்தேகம்'னு எழுதினா, அந்த நோய்க்கு நம்பர் போடக் கூடாது. கண்ணுக்குத் தெரிஞ்ச அறிகுறியை மட்டும் போடணும். ஆர் 45.4 போட்டேன்."

ஆர் 45.4 என்றால் எரிச்சலும் கோபமும். அவ்வளவுதான், வியாதி இல்லை. அப்பா அம்மா பிரிந்ததால் வீடு குலைந்திருந்தால் இசட் 63.5. டீச்சரோடும் கூடப்படிப்பவர்களோடும் ஒத்துப்போகாவிட்டால் இசட் 55.4. பையனை மட்டும் பார்க்காமல், அவனைச் சுற்றி என்ன நடக்கிறது என்பதையும் எழுத அந்தப் புத்தகத்தில் இடம் இருக்கிறது.

அதற்காக, நம்பரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நிஜமாகவே எஃப் 91.3 உள்ள பிள்ளைக்கு அது கிடைக்காவிட்டால் சிகிச்சை தட்டிப்போகும். அந்தச் சிகிச்சை என்ன தெரியுமா? மாத்திரை பிறகுதான். முதலில் பெற்றோருக்குப் பயிற்சி! நல்லதைக் கவனித்துப் பாராட்ட, கத்தாமல் கண்டிக்க, சொன்ன சொல்லில் நிற்க. அதாவது, பிள்ளை பெயரில் ஃபைல், பாடம் நமக்கு.

பல்லாயிரம் மைல் தள்ளியிருக்கும், முகமே பார்க்காத ஒரு பையன் மேல் தப்பான முத்திரை விழக் கூடாது என்று ஒரு பெண் ராத்திரி ஷிஃப்டில் யோசிக்கிறாள். நாமோ ரிப்போர்ட் கார்டு வாங்கப் போன இடத்தில், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே "இவன் எப்பவுமே இப்படித்தான் மிஸ்" என்கிறோம். நாலு அறிகுறியும் பார்ப்பதில்லை, ஆறு மாதமும் பொறுப்பதில்லை.

அடுத்த தடவை "இன்னிக்குக் கோபமா இருக்கான்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். ஆர் 45.4 போதும். மிச்சத்தை டாக்டர் பார்த்துக்கொள்வார்.