பிறகு வா என்று சொல்லும் எண்

திருத்தணியில் வீட்டிலிருந்தபடியே மின்னஞ்சல் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நாங்கள் கவனிக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து நாளுக்கு லட்சக்கணக்கில் அஞ்சல் போகும். ஒருநாள் வாடிக்கையாளர்களுக்கு எதுவும் வந்து சேரவில்லை என்று புகார். கண்காணிப்புத் திரையிலோ எல்லாம் பச்சை. சர்வர் ஓடுகிறது, டிஸ்க்கில் இடம் இருக்கிறது, 5-இல் தொடங்கும் பிழைகளும் வழக்கமான அளவில்தான். லாக்கைத் திறந்தால் வரிக்கு வரி 421. எதிர்ப்பக்கம் மறுக்கவில்லை, இப்போது வேண்டாம், பிறகு வா என்றது. அஞ்சல்கள் சத்தமில்லாமல் குவிந்து கிடந்தன.

முதல் இலக்கம் 4 என்றால் தற்காலிகம், 5 என்றால் முடிவான மறுப்பு. இதை வகுத்தது யார் என்று தேடத் தொடங்கினேன். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய, மின்னஞ்சல் நெறியை விவரிக்கும் ஆவணமான ஆர்.எஃப்.சி. 821-இன் பின்னிணைப்பில் இந்த எண்களின் இலக்கணம் இருக்கிறது. ஆனால் அது அங்கே பிறந்ததல்ல. 1974 ஜூனில் போஸ்டல் பெயரில் வந்த ஆர்.எஃப்.சி. 640, கோப்புப் பரிமாற்றத்துக்காக இதை வகுத்துவிட்டது. அதே கட்டளையை எந்த மாற்றமும் இல்லாமல் திரும்பச் சொன்னால் பலிக்கக்கூடுமா? கூடுமென்றால் 4. மனிதர் குறுக்கிடாமல் நிரலே முடிவெடுக்க இவ்வளவு தெளிவான சோதனை! படித்தபோது சிலிர்த்தது.

கோப்புப் பரிமாற்றத்தின் இலக்கணம் அஞ்சலுக்கு எப்படி வந்தது? இன்னும் பின்னால் போனால் அபய் பூஷண். ஐ.ஐ.டி. கான்பூரின் முதல் அணி மாணவர். 1971-இல் அந்தப் பரிமாற்ற நெறியின் முதல் வடிவை எழுதியவர். அடுத்த ஆண்டு ஆர்.எஃப்.சி. 385-இல் அஞ்சலுக்கான கட்டளைகளை அதிலேயே சேர்த்தார். தனி நெறி வரும்வரை மின்னஞ்சல் கோப்புப் பரிமாற்றத்தின் ஒரு கிளையாகத்தான் இருந்தது.

எவ்வளவு காலம் காத்திருப்பது என்பதை 1989-இன் ஆர்.எஃப்.சி. 1123 சொன்னது: குறைந்தது 30 நிமிடம் விட்டு மறுமுயற்சி, கைவிடக் குறைந்தது 4, 5 நாள். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளில் இன்றும் இயல்பு அளவு 5 நாள். தாமதமானால் அனுப்பியவரை எச்சரிக்கும் வசதியோ இயல்பில் அணைந்தே இருக்கிறது. இணைப்புகள் அடிக்கடி அறுந்த காலத்தில் அந்தப் பொறுமை வரம். சில நிமிடமே உயிரோடிருக்கும் ஓ.டி.பி.க்கு அது சாவு.

ஆடிக் கிருத்திகையன்று எங்கள் ஊர் முருகன் மலையில் மேலே போய்ச் சேர்ந்தவர்களை எண்ணினால் நெரிசல் புரியாது. வரிசையின் வால் எங்கே, அங்கே நிற்பவர் எத்தனை நேரமாக நிற்கிறார் என்றுதான் பார்க்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸில் கியூஷேப் என்ற கருவி இதைத்தான் காட்டுகிறது: எந்த டொமைனுக்கான அஞ்சல் எத்தனை நிமிடமாகக் கிடக்கிறது என்று.

இப்போது எங்கள் எச்சரிக்கைகள் அதை வைத்தே. ஒவ்வொரு பெரிய டொமைனுக்கும் 4-இல் தொடங்கும் பதில்களின் விகிதம் தனியாக, வரிசையில் மிகப் பழைய அஞ்சலின் வயது தனியாக. ஓ.டி.பி.க்கு ஒரு வரம்பு, மாதாந்தரப் பில்லுக்கு வேறு வரம்பு. அந்த எச்சரிக்கையும் அதே சர்வர் வழியே மின்னஞ்சலாக வராது. நேராகப் போன் அடிக்கும்.