கைப்பிடிச்சுவர்



கடந்த மாதம் நம் சபைச் சகோதரி ஒருவருடைய தாயாரின் அடக்க ஆராதனைக்காகப் பாம்பன் சென்றிருந்தேன். மறுநாள் காலை, மீன்பிடித் தொழில் செய்யும் அவருடைய அண்ணன் என்னைத் தனுஷ்கோடிக்கு அழைத்துச் சென்றார். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வீசிய புயலில் அழிந்த ஊர் அது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் அன்று கடலுக்கு இரையாயிற்று. அவ்விடம் குடியிருக்கத் தகுதியற்றது என்று பின்னர் அரசு அறிவித்தது. ஆயினும் கடலை நம்பிய குடும்பங்கள் இன்றும் அங்கே குடிசைகளில் வாழ்கின்றன. அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வேண்டும்.

பவளக்கற்களால் எழுப்பப்பட்ட பழைய ஆலயத்தின் சுவர்கள் இடிந்த நிலையில் நிற்கின்றன. அவற்றின் முன் நின்று, மணல்மேல் வீடு கட்டியவனைப் பற்றி ஒரு பிரசங்கத்தை மனத்துக்குள் ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். போதகர்களுக்கு இந்த வியாதி உண்டு. அந்தச் சகோதரர் சொன்னது வேறு. "பெரியவங்க காத்தப் பாத்தே கெளம்பிருவோம் ஐயா. பாலர் வகுப்புப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அது டீச்சர் முகத்தத்தான் பாக்கும்."

அந்த வார்த்தை என்னை விடவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை ஆபத்தில் ஓடும். நான்கு வயதுப் பிள்ளை பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். தாழ்ப்பாள் அதற்கு எட்டாது. படியில் நெரிசல் வந்தால் முதலில் விழுவதும் அதுவே. எனவே சிறு பிள்ளைகளின் பள்ளி அவர்களுக்காகத் தானே யோசிக்க வேண்டிய கட்டடம். தீவிலும் கரையோரத்திலும் அதைத் தூண்களின்மேல் உயர்த்திக் கட்டினால் பெருகிவரும் நீர் அடியில் ஓடிவிடும். இரண்டு பக்கம் மட்டும் சரிந்த கூரையைவிட நான்கு பக்கமும் சரிந்த கூரை காற்றை நன்றாகத் தாங்கும். கடல் மணலைக் கலந்த கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கும். மேலே வெள்ளையடித்தால் அது யாருக்கும் தெரியாது.

ஒடிசாவில் 1999ஆம் ஆண்டுப் பெரும் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். அதன்பின் கடற்கரை நெடுகப் புயல் பாதுகாப்பு மையங்கள் எழுந்தன. அவற்றில் பல, மற்ற நாட்களில் பள்ளிக்கூடங்களாக நடக்கின்றன. இதன் ஞானத்தை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். நாள்தோறும் புழங்கும் கட்டடத்தின் பூட்டு துருப்பிடிப்பதில்லை. அதன் படிக்கட்டு பிள்ளையின் கால்களுக்குப் பழக்கம். 2019இல் ஃபானி புயல் வந்தபோது சுமார் 12 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். அங்கே உயிரிழந்தவர்கள் 64 பேர். அறுபத்து நான்கும் சிறிய எண் அல்ல. ஆனால் இரண்டு எண்களுக்கும் நடுவே இருபது வருட உழைப்பு இருக்கிறது.

ஊர் திரும்பிய பின் சபைக் குழுவில் இதைப் பேசினேன். மூப்பர் ஒருவர் அன்போடு கேட்டார்: "ஏனுங்க ஐயா, திருப்பூருக்கு ஏதுங்க கடல்?"

நியாயமான கேள்விதான். ஆனால் 2011 நவம்பரில் ஜம்மனை ஓடை வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறந்துவிட்டோமா? கோடைமழைக்கு முன்வரும் சூறைக்காற்றில் பனியன் கம்பெனிகளின் தகரக் கூரைகள் பறப்பதை வருடந்தோறும் பார்க்கிறோம். கடலே இல்லாத கும்பகோணத்தில், 2004 ஜூலை 16ஆம் தேதி, ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் தீப்பற்றி 94 பிள்ளைகள் மாண்டார்கள். பள்ளிகளில் கீற்றுக் கொட்டகை கூடாது என்ற கண்டிப்பு அதன் பிறகே வந்தது.

உபாகமம் 22ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தை வாசித்துப் பாருங்கள். புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். இதைக் குறித்து என் ஊழிய நாட்களில் ஒருமுறைகூட நான் பிரசங்கித்ததில்லை. பலிகளையும் பண்டிகைகளையும் விதித்த அதே நியாயப்பிரமாணம் மாடிச்சுவரைப் பற்றியும் பேசுகிறது. விழுந்தவனுடைய கவனக்குறைவைக் குறித்து அங்கே ஒரு சொல்லும் இல்லை.

இப்போது என் அறிக்கை. ஷிப்டுக்குச் செல்லும் தாய்மார்கள் காலையில் விட்டுச்செல்லும் பிள்ளைகளுக்காக நம் ஆலய வளாகத்தில் பாலர் பள்ளி நடத்துகிறோம். அதன் கூரை தகரம். மூன்று வருடங்களுக்கு முன் அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் முகப்பு வளைவைக் கட்டினோம்; கூரையை அடுத்த வருடம் பார்ப்போம் என்று முடிவெழுதிக் கையொப்பமிட்டவன் நான். சென்ற சித்திரையில் ஒரு தகடு காற்றில் பெயர்ந்து உள்ளே விழுந்தது. இரவு நேரம் என்பதால் பாய்களின்மேல் விழுந்தது. மறுநாள் ஆராதனையில் தேவனுக்கு நன்றி சொன்னோம். பின்பு தகட்டை மறுபடியும் அதே இடத்தில் அடித்துவிட்டோம்.

கூரையை மாற்றுவதற்கும், கதவுகளை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி அமைப்பதற்கும் குழு இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறது. இந்த வருட அறுப்பின் பண்டிகைக் காணிக்கை அதற்கே. ஒரு காரியம் மட்டும் பணத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பாலர் பள்ளியின் பின்வாசல் நெடுநாளாகப் பூட்டிக் கிடந்தது. சாவியைத் தேடி எடுத்து ஆசிரியையிடம் கொடுத்துவிட்டேன். அந்த வாசலுக்கு முன் நிறுத்தும் இருசக்கர வாகனங்களை வரும் ஞாயிறு முதல் சாலையோரம் நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். அவற்றில் என் வண்டியும் ஒன்று.