தெப்பக்காட்டுக்கு எந்த பஸ்?

வேனா, அரசு பஸ்ஸா என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். தேனாம்பேட்டையில் எங்கள் படிப்பு வட்டம் கூடுகிற மொட்டைமாடியில் இடஒதுக்கீடு பற்றிப் பேசியபோதுகூட இவ்வளவு சத்தம் வந்ததில்லை. அரையாண்டு விடுமுறையில் இருபத்திரண்டு பேர் முதுமலைக்குப் போகிறோம் என்பது முடிவாகிவிட்டது. பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள், மீதிப் பேர் கல்லூரி. எதில் போவது என்பதில்தான் தகராறு.

வேன் கேட்பவர்களை லேசாக ஒதுக்கிவிட முடியாது. பிளஸ் ஒன் படிக்கிற ஒரு தங்கை நேராகவே கேட்டாள்: "மத்தவங்க போனா டூர். நாம போனா மட்டும் ஏண்ணா அது எப்பவும் பாடமா இருக்கணும்?" பதில் சொல்ல எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இந்தப் பிள்ளைகளில் பலருடைய அப்பாக்கள் டிரைவர்கள். தி.நகர், ஆழ்வார்பேட்டைக் குடும்பங்களை ஏலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் கொண்டுபோய் விட்டு, இரவில் வண்டி சீட்டிலேயே காலை மடக்கித் தூங்கி, மறுநாள் கூட்டிவருகிறவர்கள். சொந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர்கள் போன அதிகபட்ச தூரம் கிண்டி சிறுவர் பூங்கா. இந்தப் பிள்ளைகளுக்கு ஓய்வும் ஊர் சுற்றலும் உரிமைதான். பாட்டுப் போட்டுக்கொண்டு போகிற வேனும் அதில் அடக்கம்.

ஆனாலும் நாங்கள் பஸ் பக்கம் நிற்கிறோம். முதல் காரணம் காசு என்று நினைப்பீர்கள். அதைவிட வழி முக்கியம். ஊட்டியிலிருந்து தெப்பக்காட்டுக்கு இரண்டு பாதைகள் உண்டு. கல்லட்டி வழி சுமார் 36 கிலோமீட்டர், குறுக்கு வழி, கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த செங்குத்துச் சரிவு. அதில் இறங்க வெளி மாவட்ட வண்டிகளை விடுவதில்லை. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து போனவர்களின் கார் அங்கே பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். இன்னொன்று கூடலூர் வழி, 67 கிலோமீட்டர். நேரம் கூடுதல்தான், ஆனால் நாங்கள் பார்க்க விரும்புவது அந்த வழியில்தான் இருக்கிறது.

ஊட்டி என்றால் தேனிலவும் சாக்லேட்டும் என்று சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. அயோத்திதாசப் பண்டிதர் வளர்ந்த மலை அது. 1891 டிசம்பரில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை அவர் நடத்தியது நீலகிரியில்தான். பிறகு 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியது ராயப்பேட்டையில், நம் தேனாம்பேட்டைக்குக் கூப்பிடு தூரத்தில். இரட்டைமலை சீனிவாசனும் சென்னைக்கு வருவதற்கு முன் நீலகிரியில் கணக்கர் வேலை பார்த்தவர்தான். கூடலூர் பக்கம் பஸ் இறங்கும்போது தெரிகிற தேயிலைச் சரிவுகளில் வேறொரு கதை இருக்கிறது. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, இலங்கையிலிருந்து ஆடுமாடு கணக்காகப் பிரித்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்காக 1968இல் தொடங்கியது அரசின் தேயிலைத் தோட்டத் திட்டம். அதுதான் பிறகு டான்டீ ஆனது. அந்த மக்களில் மிகப் பலர் நம் மக்கள். வேன் ஜன்னலிலிருந்து பார்த்தால் அது பச்சை. பஸ்ஸில் போனால், கூடையோடும் ரேஷன் பையோடும் ஏறி நம் பக்கத்து சீட்டில் உட்காருவார்கள்.

இன்னொரு சௌகரியமும் உண்டு. 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் போகிற வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இந்தச் சண்டைக்கு நடுவில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தோழர் அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்கா வீடியோ ஒன்றைப் போட்டார். பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்கள் துள்ளிக் குதிக்கிற காட்சி. வேன் கட்சி, பஸ் கட்சி எல்லாம் மறந்து ஆளாளுக்கு ஹார்ட்டின் போட்டார்கள். நாங்கள் கொஞ்சம் தேடிப் படித்தோம். அந்தப் பூங்காவுக்குள் 92 மைல் நீளத்துக்கு ஒரே ஒரு சாலை. கோடையில் சொந்தக் காரை முதல் 15 மைல் வரைதான் விடுவார்கள். அதற்கு மேல் போக வேண்டுமானால் கோடீஸ்வரனும் பஸ்ஸில்தான் ஏற வேண்டும். நாய்கள் இருக்கும் கொட்டிலுக்கும் பூங்காவின் இலவச பஸ்ஸில்தான் போகிறார்கள். அந்த நாய்கள் காட்சிக்கு வைத்தவை அல்ல. 1920களிலிருந்து குளிர்கால ரோந்துக்குப் போகிற வேலைக்கார நாய்கள். மோட்டார் வண்டி போகக் கூடாத காட்டுக்குள் சாமான் சுமந்து போகிறவை.

எங்களைப் பிடித்து நிறுத்திய விஷயம் வேறு. கோடையில் அங்கே வருகிறவர்களுக்கு நாய்களைக் காட்டுகிறவர், அவற்றோடு வேலை செய்கிற ரேஞ்சரே. அவரே முன்னால் நின்று, இந்த நாய் என்ன வேலை செய்யும், எப்படிப் பழக்குகிறோம் என்று பேசுகிறார். கூட்டம் கேள்வி கேட்கிறது, அவர் பதில் சொல்கிறார்.

நம் தெப்பக்காடு முகாமிலும் இருப்பவை வேலை செய்கிற விலங்குகள்தான். மாயாற்றங்கரையில் இருபதுக்கும் மேற்பட்ட யானைகள். ஒரு காலத்தில் மரம் இழுத்தவை. இன்று ஊருக்குள் வரும் காட்டு யானையை விரட்டவும், மழைக்காலத்தில் ஜீப் போகாத இடத்துக்கு ரோந்து போகவும் கும்கிகள் வேண்டும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை உணவு கொடுப்பதைச் சுற்றுலாப் பயணிகள் தள்ளி நின்று பார்க்கலாம். ராகி, கொள்ளு, சோறு, வெல்லம், உப்பு எல்லாம் பிசைந்த கவளத்தைப் பாகனும் காவடியும் யானையின் வாய்க்குள் கைவிட்டு ஊட்டுகிறார்கள். நூறு செல்போன்கள் உயர்கின்றன. படத்தில் யானை முழுசாக விழுகிறது, பாகனின் கை மட்டும் விழுகிறது.

அந்தக் கைகள் யாருடையவை? குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடிகளுடையவை. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று ஒன்றிய அரசு பட்டியலிட்டிருக்கும் ஆறு சமூகங்களும் நீலகிரியில் வாழ்கின்றன. 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' படத்துக்கு 2023 மார்ச்சில் ஆஸ்கர் கிடைத்த பிறகுதான் பொம்மனையும் பெள்ளியையும் நாடு பார்த்தது. தெப்பக்காடு, ஆனைமலை முகாம்களின் 91 பணியாளர்களுக்குத் தலா 1 லட்சம் ரூபாயும் வீடும் அறிவித்தார் முதலமைச்சர். தெப்பக்காட்டில் 44 வீடுகள் 2025இல் திறக்கப்பட்டன. பெள்ளிக்குக் காவடியாக நிரந்தர வேலை கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் யானையோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு ஒழுங்கான வீடு கிடைக்க லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஒரு சிலை வர வேண்டியிருந்தது.

அதே 2023 ஏப்ரல் 9ஆம் தேதி பிரதமர் தெப்பக்காடு வந்து யானைக்குக் கரும்பு கொடுத்தார். நாடெங்கும் அந்தப் படம். அந்த மாதக் கடைசியில் மசினி என்ற யானை தாக்கி அங்கே ஒரு பாகன் இறந்தார். மசினி அந்த முகாமில் வளர்ந்தவள். சமயபுரம் கோவிலுக்கு அனுப்பப்பட்டு, 2018இல் கோவிலுக்குள் தன் பாகனைக் கொன்று, திரும்ப முகாமுக்கே கொண்டுவரப்பட்டவள். காட்டில் பிறந்ததைக் கோவில் தரையில் கட்டிப்போடுவது ஒருவர் முடிவு. அதன் விளைவைக் கையால் ஊட்டி, முதுகில் ஏறித் தாங்குகிறவர் வேறொருவர். சாக்கடைக்குள் இறங்கி இறப்பவர்களின் கணக்கை எடுத்துப் பேசிய பிள்ளைகளுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

2020 பிப்ரவரி 6ஐயும் சொல்லியாக வேண்டும். அதே முகாமில் யானைகளின் புத்துணர்வு முகாமைத் தொடங்கிவைக்க வந்த அன்றைய வனத்துறை அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன், முகாமிலுள்ள கோவிலுக்குப் போகும்போது ஒரு பழங்குடிச் சிறுவனைக் கூப்பிட்டுத் தன் செருப்பைக் கழற்றவைத்தார். சுற்றிலும் அதிகாரிகள், கேமராக்கள். மசினகுடி காவல் நிலையத்துக்குப் புகார் போனது. பேரன் மாதிரி நினைத்துக் கூப்பிட்டேன் என்று அமைச்சர் வருத்தம் தெரிவித்தார். அந்த வீடியோவை மாடியில் போட்டுக் காட்டியபோது எங்கள் பிள்ளைகள் யாரும் பேசவில்லை. அதில் இரண்டு பேருக்கு அன்றைய அந்தப் பையனின் வயதுதான் இருக்கும். பேரனுக்குச் செருப்பு மாட்டிவிடுகிற தாத்தாக்களைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அதனால் தெப்பக்காட்டில் எப்படி நடந்துகொள்வது என்று பேசி வைத்திருக்கிறோம். உணவு கொடுக்கும் நேரத்தில் செல்போன் பைக்குள். அது முடிந்த பிறகு, வனத்துறையிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி கிடைத்தால், பாகன்கள் இரண்டு பேர் அரை மணி நேரம் நம்மோடு பேசட்டும். கேள்விகளைப் பிள்ளைகளே எழுதுகிறார்கள். "யானை உங்க பேச்ச கேக்குமா?" என்பதோடு, "லீவு கிடைக்குமா?", "பென்ஷன் உண்டா?", "உங்க பிள்ளைங்களும் இந்த வேலைக்கு வரணும்னு நினைக்கிறீங்களா?" என்றெல்லாம் இருக்கிறது. பேச விருப்பமில்லை என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும். குடியிருப்புக்குள் அழைக்காமல் நுழையக் கூடாது. பழைய துணி மூட்டை வேண்டவே வேண்டாம். 2015 வெள்ளத்தின்போது நம் தெருவில் வந்து இறங்கிய மூட்டைகளில் என்னென்ன இருந்தன என்பது நம் அம்மாக்களுக்குத் தெரியும்.

புலிகள் காப்பகத்துக்காக ஊரோடு காலிசெய்து வெளியேறிய குடும்பங்கள் அந்தப் பக்கம் இருக்கின்றன. குடும்பத்துக்கு 10 லட்சம் என்றார்கள். பணம் இடைத்தரகர்கள் கைக்குப் போனதாகப் புகார்கள் எழுந்தன. 2006 வன உரிமைச் சட்டத்தை ரயிலில் படித்துக்கொண்டு போகலாம் என்று ஒரு தோழர் சொன்னதும் அந்த பிளஸ் ஒன் தங்கை அவரை முறைத்தாள். ரயிலில் சீட்டாட்டம் மட்டும்தான் என்று தீர்மானம் நிறைவேறியது.

கடைசியில் ஏற்பட்ட சமாதானம் இது. சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ். விடிந்ததும் மேட்டுப்பாளையம். அங்கிருந்து காலை 7.10 மலை ரயில் கிடைத்தால் அதில் ஊட்டி, வேன் கட்சிக்கு இது நஷ்ட ஈடு. 'உயிரே' படத்தில் ஷாருக் கான் கூரைமேல் ஆடிய அதே ரயில். ஐந்து மணி நேரம் ஊர்ந்து ஏறும், எல்லாப் பாட்டும் பாடித் தீர்க்கலாம். கிடைக்காவிட்டால் பஸ். மதியம் ஊட்டியிலிருந்து கூடலூர், அங்கிருந்து தெப்பக்காடு வழியாக மசினகுடியில் இரவு தங்கல். இரவு 9 முதல் காலை 6 வரை காட்டுச் சாலையில் போக்குவரத்து கிடையாது, அதனால் கூடலூர் கடைத்தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. மறுநாள் காலை ஏழு கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தால் யானை முகாம்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும். காலை எட்டு மணிக்கு இரண்டு பேர் போனோடு தயாராக உட்கார வேண்டும். பெயர், வயது, ஆதார் எண்ணை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். ஸ்வெட்டர் இல்லாதவர்கள் கூச்சப்படாமல் சொல்லுங்கள், வாங்கித் தர ஆள் இருக்கிறது. மசினகுடியில் அவ்வளவு குளிராது, ஊட்டி பஸ் ஸ்டாண்டில் காத்து நிற்கும்போதுதான் வாட்டும்.