அமிலத்தில் இல்லாத ஆக்சிஜன்

பணிமாற்றம் பெற்று நான் பெங்களூருக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில், தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார் ஒருவர் குடும்பத்துடன் வாழ்கிறார். அவருடைய மகள் கல்லூரியில் அறிவியல் பட்டப்படிப்பின் முதலாண்டு மாணவி. ஒருநாள் மாலை தந்தையும் மகளும் என் வாயிலில் வந்து நின்றனர்.

“டீச்சரம்மா, கெமிஸ்ட்ரியில் நாற்பதுக்கு ஒன்பது வாங்கியிருக்கிறாள். பெரிய பரீட்சைக்கு மூன்று வாரந்தான் இருக்கிறது. அதிலும் தேறாவிட்டால் கார்மென்ட்ஸ் வேலைக்கு அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டார் அவர்.

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தமிழாசிரியை, வேதியியலுக்கும் எனக்கும் என்ன உறவு? உண்மையில் ஓர் உறவு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்ற நான், கல்லூரியில் முதலில் சேர்ந்தது அறிவியல் பிரிவில்தான். ஆங்கிலத்தில் நடந்த வேதியியல் வகுப்பு எனக்குப் புரியவில்லை, கேட்கவும் அஞ்சினேன். தேர்வில் தோற்றேன். அடுத்த ஆண்டே தமிழிலக்கியத்துக்கு மாறிவிட்டேன். தமிழுக்கு வந்ததற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. ஆயினும் அன்று ஒரு வகுப்பறையிலிருந்து ஓடி வந்தவள் நான் என்பதை எவரிடமும் சொன்னதில்லை. “மூன்று வாரம் என்னிடம் விடுங்கள்” என்று சொன்னது அந்தப் பழைய நினைவால்தான்.

மறுநாள், “மோல் என்றால் என்ன?” என்று அவளைக் கேட்டேன். ஆங்கில வரையறையை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். “இதை உன் அம்மாவுக்குச் சொல்” என்றேன். அவள் வாய் திறக்கவில்லை. பிறகு மெல்ல மெல்லத் தமிழில் பேசிப் பார்த்தோம். பன்னிரண்டு பழம் ஒரு டஜன் என்பதுபோல, 6.022 × 10²³ துகள்கள் சேர்ந்தது ஒரு மோல். அணுக்களை எண்ண முடியாது; ஆகவே எடை போடுகிறோம். 12 கிராம் கார்பனில் அத்தனை அணுக்கள் உள்ளன. கடையில் கடுகை எண்ணியா வாங்குகிறோம் என்று அவள் அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பூங்காவிலுள்ள மாநில மைய நூலகத்துக்குச் சென்றோம். சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம் எனப்படும் அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பெங்களூரில் வளரும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். உள்ளே பேசக் கூடாதாகையால் வெளியே மரத்தடியில் அமர்ந்தோம். கன்னட வழியில் பயின்ற அவளுடைய தோழியும் உடன் வந்தாள். அத்தோழியின் பழைய பாடநூலில் ஹைட்ரஜனுக்கு ‘ஜலஜனக’ என்றும், ஆக்சிஜனுக்கு ‘ஆம்லஜனக’ என்றும் பெயர். நீரைப் பிறப்பிப்பது; அமிலத்தைப் பிறப்பிப்பது. பிரெஞ்சு அறிஞர் லவாய்சியே காலத்தில் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஆக்கிய பெயர்களின் பொருளும் அதுவே. (தமிழிலும் இம்முயற்சி பழையது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீனின் ‘கெமிஸ்தம்’ என்னும் நூல் 1875ஆம் ஆண்டு வெளிவந்தது.)

பெயரின் பொருள் விளங்கியதும் அவள் நெற்றியைச் சுருக்கினாள். “டீச்சர், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஹைட்ரஜனும் குளோரினும் மட்டுந்தானே இருக்கின்றன? ஆக்சிஜனே இல்லையே! அப்படியானால் இந்தப் பெயர் தப்பல்லவா?”

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். நூலகத்துக்குள் சென்று தேடிப் படித்தோம். அமிலங்கள் அனைத்திலும் ஆக்சிஜன் இருக்கும் என்று லவாய்சியே எண்ணியது பிழை. குளோரின் ஒரு தனிமமே. அதற்குள் ஆக்சிஜன் ஒளிந்திருக்கவில்லை என்று 1810ஆம் ஆண்டு ஹம்ப்ரி டேவி எடுத்துரைத்தார். பிழை திருந்தியது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தான் கேட்ட கேள்வியை ஒரு காலத்தில் பெரிய அறிவியலறிஞர்களும் கேட்டிருக்கிறார்கள் என்றறிந்தபோது, அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அன்று முதல் வேதியியல் நூலை அவளாகவே திறந்தாள்.

ஆனால் சொற்பொருள் மட்டும் மதிப்பெண் தந்துவிடாது. தேர்வை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கணக்குப் போட வேண்டும். நாள்தோறும் ஐந்து கணக்குகள், பழைய வினாத்தாள்கள் என்று முறை வகுத்துக்கொண்டோம். ஒரு கணக்கு மட்டும் அவளை விடாமல் வருத்தியது. 10 கிராம் ஹைட்ரஜனும் 64 கிராம் ஆக்சிஜனும் வினைபுரிந்தால் எவ்வளவு நீர் கிடைக்கும்? இரண்டையும் கூட்டி 74 என்றே எழுதிக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்த அவள் தந்தை இதைக் கேட்டார். “சிமெண்டு ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு. சிமெண்டு தீர்ந்துபோனால் மணல் மலையாய்க் கிடந்தாலும் கலவை வராது. எது முதலில் தீர்கிறது என்று பார், அம்மா” என்றார்.

மகள் தந்தையை வியப்புடன் பார்த்தாள். பிறகு எழுதினாள். இரண்டு மோல் ஹைட்ரஜனுக்கு ஒரு மோல் ஆக்சிஜன். எடையில் சொன்னால் 4 கிராமுக்கு 32 கிராம். 64 கிராம் ஆக்சிஜனுக்கு 8 கிராம் ஹைட்ரஜன் போதும். முதலில் தீர்வது ஆக்சிஜன். கிடைக்கும் நீர் 72 கிராம். 2 கிராம் ஹைட்ரஜன் மிச்சம். கொத்தனார் பங்கிடுவது கொள்ளளவில், வேதியியலார் பங்கிடுவது மோல் எண்ணிக்கையில் என்ற வேறுபாட்டை மட்டும் நான் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, மகளின் நோட்டை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கார்மென்ட்ஸ் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை.

தேர்வு முடிவு வரச் சில வாரங்கள் ஆயின. அவள் வேதியியலில் தேறியிருந்தாள், 60க்கு 34. தந்தை படியேறி வந்து மதிப்பெண் சீட்டைக் காட்டினார்.

“மிச்சம் இருபத்தாறு எங்கே போயிற்று, டீச்சரம்மா?”

நான் பதில் சொல்லுமுன் மகள் சொன்னாள்: “எனக்கு முதலில் தீர்ந்தது நேரம், அப்பா. அடுத்த பரீட்சைக்கு இன்றைக்கே ஆரம்பிக்கிறேன்.”