வண்டி பார்க்கப் போன ஒரு நாள்: பாலக்கோடு முதல் ஓசூர் வரை

தர்மபுரியிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் சாலை, வண்டி ஓட்டப் பிடித்தவர்களுக்கு அருமையான சாலை. இரண்டு பக்கமும் மாந்தோப்பு, தென்னை, நடுநடுவே குச்சி நட்டுக் கயிறு கட்டிய தக்காளி வயல்கள். ஓசூரை நெருங்க நெருங்கக் காற்றில் குளுமை ஏறும். ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்.

இந்தச் சாலைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. நாம் ஓட்டுகிற வண்டிகளில் பல, இது போய்ச் சேரும் பக்கத்தில்தான் பிறக்கின்றன. 1980-ல் வந்து கிராமங்களின் நடையையே மாற்றிய டி.வி.எஸ் 50, ஓசூரின் பிள்ளை. இன்றைய மின்சார ஸ்கூட்டர்களில் ஏத்தர் ஓசூரிலும், ஓலா அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளிப் பக்கமும் தயாராகின்றன.

பைக் என்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே பித்து. ஆனால், போன மாதம் ஒரு சனிக்கிழமை இந்தப் பாதையில் கிளம்பியது வேடிக்கை பார்க்க மட்டுமல்ல. பாலக்கோடு பக்கம் இருக்கும் என் அக்கா வீட்டில் பழைய மொபெட் ஓய்ந்துவிட்டது. தக்காளி விற்ற பணத்தில் 30,000 ரூபாய் எடுத்து வைத்திருந்தார்கள். வீட்டுக்கே ஒரு வண்டிதான். காலையில் பால் கேன், அப்புறம் மண்டிக்குத் தக்காளி, சாயங்காலம் மாட்டுத் தீவனம். அக்கா மகனுக்கோ 150 சி.சி. பைக் மேல் கண். ‘நீயே கூட்டிட்டுப் போய்க் காட்டு’ என்று அக்கா அவனை என் பின்னால் ஏற்றிவிட்டார்.

சாலையே பாடம்

ராயக்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தினோம். ஊருக்கு மேலே மலைக்கோட்டை. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-ல் ஆங்கிலேயர் பிடித்த கோட்டை. கீழே தக்காளிச் சந்தைக்குப் போகும் வண்டி வரிசை. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கிரேட் சுமந்து வந்தவற்றில் பெரும்பாலும் மொபெட்தான். காலடியில் ஒன்று, பின்னால் இரண்டு, மூன்று. கியர் பைக்கில் வந்தவர்கள் பின்சீட்டில் மட்டும் அடுக்கி, ரப்பர் கயிறு கட்டியிருந்தார்கள்.

“ஏத்துறது பெரிசில்லீங்க, எறக்கத்துல பிரேக் புடிக்கறதுதான் பயம்” என்றார், கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்த ஒரு விவசாயி.

அவர் சொன்னது சாதாரண விஷயமல்ல. பாரம் முழுக்கப் பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகிவிடும். ஹேண்டில் பிடி தளரும். காலடியில் ஒரு பெட்டி வைக்க இடம் இருப்பதுதான் மொபெட்டின் பெரிய பலம். எந்த வண்டிக்கும் பார அளவு உண்டு. கையேட்டில் சொல்லியிருக்கும் அந்த எடை, ஓட்டுபவரையும் சேர்த்துத்தான். 65 கிலோ ஆள் ஏறினாலே அதில் கணிசமான பங்கு போய்விடும்.

கடையில் பார்த்தது

ஓசூரில் வரிசையாக நான்கு ஷோரூம் ஏறி இறங்கினோம். 150 சி.சி. வண்டி மேல் ஏறி உட்கார்ந்த மாப்பிள்ளை முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அடுத்து 350 சி.சி. புல்லட். “இதைக் கொஞ்சம் பின்னால தள்ளு மாப்ள” என்றேன். 195 கிலோ எடை. மாட்டுக்கொட்டகைச் சந்தில் அதைத் திருப்புவதை நினைத்தானோ என்னவோ, சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டான்.

விற்பனையாளர்கள் குதிரைத்திறனைத்தான் சொல்வார்கள். சுமை இழுப்பவர்கள் கேட்க வேண்டியது இழுவிசை, அதாவது டார்க். அது எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்பதும் முக்கியம். எக்ஸ்.எல். 100-ல் 6.5 நியூட்டன் மீட்டர், 3,500 சுற்றிலேயே கிடைக்கிறது. ஸ்ப்ளெண்டரில் 8 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல். ஆனால், 6,000 சுற்றில். முன்னது மெதுவாகப் போகும்போதே இழுக்கும். பின்னதற்குக் கியர் இருப்பதால் மேட்டில் முதல் கியர் போட்டு ஏறலாம். நெடுஞ்சாலையில் அலுப்பில்லாமல் தூரம் போகலாம். ஆக, தினமும் 10 கிலோமீட்டருக்குள் பாரம் என்றால் மொபெட். 40, 50 கிலோமீட்டர் ஓட்டம் என்றால் கியர் வண்டி.

மின்சார ஸ்கூட்டரும் ஓட்டிப் பார்த்தோம். சத்தமே இல்லை, கிளம்பும்போதே நல்ல இழுப்பு. 3 கிலோவாட் மணி பேட்டரி நிரம்ப ஏறக்குறைய மூன்றரை யூனிட் போதும். ஆனால், வீட்டு இணைப்பில்தான் சார்ஜ் போட வேண்டும். பம்ப்செட்டுக்குக் கொடுத்த விவசாய இணைப்பில் போட்டால் விதிமீறல், அபராதம் வரும். பழுது பார்க்கும் இடம் எத்தனை தொலைவு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வட்டியில்தான் சூட்சுமம்

2025 செப்டம்பர் 22 முதல், 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. அந்த மிச்சம் கடனில் கரைந்துவிடக் கூடாது.

150 சி.சி. வண்டிக்கு, கையில் இருப்பது போக 70,000 ரூபாய்க்கும் மேல் கடன் தேவைப்பட்டது. “பத்து சதவிகிதம்தான் சார்” என்றார் கடன் பிரிவுப் பையன். “பிளாட் வட்டியா, குறையும் வட்டியா?” என்று கேட்டேன். பிளாட்.

காகிதத்தில் மாப்பிள்ளையையே கணக்குப் போடச் சொன்னேன். 70,000-க்கு 10 சதவிகிதம், மூன்று ஆண்டு: வட்டி 21,000. மாதத் தவணை 2,528. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் முழு அசலுக்கும் வட்டி போடுவதால், உண்மையில் இது 18 சதவிகித வட்டிக்குச் சமம். அதே 10 சதவிகிதம் குறையும் வட்டியாக இருந்தால், மொத்த வட்டி 11,300 ரூபாய்தான். ஒரு வார்த்தையில் 9,700 ரூபாய் வித்தியாசம்.

“தக்காளி கிலோ அஞ்சு ரூபாய்க்குப் போற மாசமும் இந்த 2,528 கட்டணும்ல மாமா?” என்று கேட்டான். நான் சொல்ல நினைத்ததை அவனே சொல்லிவிட்டான்.

அன்று எதற்கும் முன்பணம் கட்டவில்லை. சூளகிரி, கிருஷ்ணகிரி வழியாக நெடுஞ்சாலையில் திரும்பினோம். அடுத்த வாரம், ஊருக்குப் பக்கத்திலேயே 100 சி.சி. மொபெட் எடுத்தார்கள். கடன் பாதிக்கும் கீழே இறங்கியது.

வண்டி எடுக்கும் முன்

* ஷோரூம் விலையைக் கேட்காதீர்கள். ஆயுள் வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்த விலையை எழுதி வாங்குங்கள்.
* புதிய வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து ஆண்டுக்குக் கட்டாயம். கூடுதலாகச் சேர்க்கும் பாலிசிகளுக்கு விளக்கம் கேளுங்கள்.
* தனியாக ஓட்டிப் பார்க்காதீர்கள். பின்னால் ஓர் ஆளை ஏற்றி, மேட்டில் ஏற்றி, இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பாருங்கள்.
* வட்டி எந்த வகை, முன்கூட்டியே கட்டி முடித்தால் கட்டணம் உண்டா என்பதைக் கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.
* ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள். வரப்பு வரைக்கும்தானே என்று நினைத்து வீட்டில் வைக்காதீர்கள்.